எட்டாம் இடத்தில் வருபவர்: மலிவான ஒற்றை இருக்கைப் பந்தய வகுப்பின் ஆயுள் குறித்து

1. பட்டறையில் எழுந்த கேள்வி

கட்டபெட்டு சந்திப்பில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் கூடுகின்றன. மூன்றிலும் மாருதி ஆம்னி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளையும் எஸ்டேட் ஆட்களையும் சில நாள் இலை மூட்டைகளையும் சுமந்துகொண்டு. போன மழைக்காலத்தில் எங்கள் ஆம்னிக்கு ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. சந்திப்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் பட்டறையில் விட்டேன். மதியத்துக்குள் ஹெட்டை இறக்கிவிட்டார்கள். ஃபேஸிங் போட அது மட்டும் சாக்கில் சுற்றப்பட்டு பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போனது. மறுநாள் மாலை பஸ்ஸிலேயே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் வண்டி ஓடியது. நான் காத்திருந்தபோது, பக்கத்து மேசையில் பிரித்துக் கிடந்த இன்னோர் ஆம்னி எஞ்சினைக் காட்டி மெக்கானிக் சொன்னார்: “இந்த எஞ்சின்லதான் சார் நரேன் கார்த்திகேயன் மொதமொதல்ல ரேஸ் ஓட்டுனது.”

சரியாகத்தான் சொன்னார். மாருதி 800 காரிலும் ஆம்னியிலும் இருந்தது ஒரே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1980களின் கடைசியில் வடிவமைத்த ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரின் முதுகுப்புறத்தில் உட்கார்ந்திருந்ததும் அதுவே. இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் போனவர்கள் இதுவரை இருவர்தான்: 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2010இல் எச்ஆர்டி அணிக்கு ஓட்டிய கருண் சந்தோக். இருவருமே இந்த வகுப்பில் ஓட்டிப் பழகியவர்கள். சந்தோக் 2000ஆம் ஆண்டின் தேசிய ஃபார்முலா மாருதி பட்டத்தை வென்றார்.

இந்தப் பெருமை அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லப்படாத ஒன்று உண்டு. அந்தப் பந்தயங்களில் எட்டாவதாகவும் பத்தாவதாகவும் வந்தவர்கள் யார்? கோவையில் மோட்டார் பம்பு வியாபாரம் பார்த்தவர், சென்னையில் கராஜ் வைத்திருந்தவர், வார இறுதிக்காகவே சம்பாதித்தவர் என்று பலதரப்பட்டவர்கள் அந்த இடங்களில் ஓட்டினார்கள். அவர்கள் எங்கும் ‘மேலே’ போகவில்லை. போகும் எண்ணமும் பலருக்கு இல்லை. ஆனால் அவர்கள் வராதிருந்தால் முதலிடத்துக்குப் போட்டியிடப் பந்தயமே இருந்திருக்காது.

நடுத்தர வருமானமுள்ள ஒரு பொழுதுபோக்குப் பந்தய வீரரால் தாங்கக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார் வகுப்பு ஒன்று பத்து, இருபது ஆண்டுகள் உயிரோடு இருக்க எது காரணம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் இடத்தில் வருபவரால் அடுத்த பந்தயத்துக்கும் வர முடிகிறதா என்பதைப் பார்த்தால் போதும். வகுப்பின் ஆயுளைக் கணித்துவிடலாம். காரின் விலை, பரிசுத் தொகை, தொலைக்காட்சி ஒளிபரப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

2. இதுவரை சொல்லப்பட்ட விடைகள்

இது குறித்து நிலவும் கருத்துகளை இரண்டாகப் பிரிக்கலாம். முதலாவதை ஏணிப் பார்வை எனலாம். சிறிய வகுப்பு பெரிய வகுப்புக்குப் படிக்கட்டு; கார்ட்டிங், பிறகு உள்ளூர் ஃபார்முலா, பிறகு ஃபார்முலா 4, ஃபார்முலா 3 என்று மேலே போக வேண்டும்; எத்தனை பேரை மேலே அனுப்பியது என்பதே வகுப்பின் மதிப்பு. நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் இந்தக் கண்ணாடி வழியாகவே பந்தயங்களைப் பார்க்கின்றன. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஏணியில் நிற்பவர் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே படியில் நின்றால் தோற்றவர் ஆகிவிடுகிறார். ஆண்டுதோறும் புதியவர்கள் வருவார்கள், ஆண்டுதோறும் போய்விடுவார்கள். பந்தயம் இருக்கும், வகுப்புக்கென்று ஒரு சமூகம் உருவாகாது.

இரண்டாவது விலைப் பார்வை. செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் வகுப்பு பிழைத்துக்கொள்ளும் என்பது இது. 1967இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு தொடங்கியபோது முழுக் காரும் ஆயிரம் பவுண்டுக்குள் கிடைக்க வேண்டும் என்றார்கள். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு 2014இல் ஃபார்முலா 4 வகுப்பைக் கொண்டுவந்தபோது ஒரு பருவச் செலவு ஒரு லட்சம் யூரோவுக்குள் அடங்க வேண்டும் என்று பேசப்பட்டது. அந்த இலக்கைத் தாண்டிச் செலவு எவ்வளவோ தூரம் போய்விட்டதை இன்று ஐரோப்பாவில் யாரும் மறுப்பதில்லை. காரணம் எளிது. காருக்கு வரம்பு போட்டால் பணம் சோதனை ஓட்டத்துக்குப் போகிறது. அதற்கும் வரம்பு போட்டால் புது டயருக்கும், தரவுப் பொறியாளருக்கும், சிமுலேட்டருக்கும் போகிறது. ஜெயித்தால் ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை ஓட்டைப் பானையை எந்தப் பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் ஒழுகும். ஆக விலைப் பார்வையும் கடைசியில் ஏணிப் பார்வையிடம் தோற்றுப்போகிறது.

வகுப்பு ‘கவர்ச்சியாக’ இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். யாருக்குக் கவர்ச்சி என்று கேட்க வேண்டும். பார்வையாளருக்கான கவர்ச்சி வேறு, பங்கேற்பாளருக்கான கவர்ச்சி வேறு. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் தமிழக அரசின் ஆதரவோடு நடந்த இரவுப் பந்தயம் முதல் வகையைச் சேர்ந்தது. அதில் ஓடிய இந்திய ஃபார்முலா 4 கார்கள் பிரான்சின் மைகேல் நிறுவனத்தின் சேஸியும் ஆல்பின் எஞ்சினும் கொண்டவை. விளக்கொளியில் நேப்பியர் பாலத்தின் மேல் அவை பறந்தது அழகான காட்சிதான். அந்தக் கார் ஒன்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸோடு அதன் அடியில் படுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

3. கோவை தந்த விடை

ஃபார்முலா மாருதி கோவையில் பிறந்தது தற்செயல் இல்லை. ஜவுளி இயந்திரம், பம்பு, வார்ப்பட ஆலை, லேத் என்று உலோகத்தோடு புழங்கும் ஊர் அது. கரிவர்தன் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். தானே பந்தயம் ஓட்டியவர். எஃகுக் குழாய்களை வெல்டு செய்து சட்டகம் கட்டுவதற்கு ஆளும் கருவியும் அவருக்குப் பக்கத்துத் தெருவிலேயே கிடைத்தன. எஞ்சினும் கியர்பாக்ஸும் 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இலிருந்து வந்தன. அந்தக் காருக்கான கார்புரேட்டர்கள், ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த யூகால் தொழிற்சாலையில், சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாராகின. இறக்குமதி வரி கடுமையாக இருந்த காலம் அது. உதிரிபாகத்தில் ஒன்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தாலும் வகுப்பு ஒரு பருவத்தில் முடங்கியிருக்கும்.

அதற்கு முன்னரும் இங்கே பந்தயம் இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா 1980களில் அங்கே ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரை ஓட்டியது இன்றும் பேசப்படுகிறது. கூட்டம் அலைமோதியது. ஆனால் அந்தக் காலத்துச் சோழவரத்தில் ஒருவர் இறக்குமதிக் காரில் வருவார், இன்னொருவர் வெட்டி ஒட்டிய ஹெரால்டில் வருவார். முதலாமவர் ஜெயிப்பார். இரண்டாமவர் எத்தனை முறை வருவார்?

கரிவர்தன் இந்த இடைவெளியைத்தான் மூடினார். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டகம், முப்பத்தேழு குதிரைத்திறனை ஒட்டிய ஒரே சக்தி. ஜெயிப்பவருக்கும் எட்டாமவருக்கும் நடுவில் நின்றது பணத்தைவிட அதிகமாகக் கையும் காலும்தான். பழுதானால் ஊரில் உள்ள எந்த மாருதி மெக்கானிக்கும் எஞ்சினைத் திறந்துவிடுவார். பிஸ்டன் செட் எந்த ஸ்பேர்பார்ட்ஸ் கடையிலும் தொங்கும். கட்டபெட்டில் எனக்கு நடந்தது போலவே, ஹெட் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வரும்.

அமெரிக்காவில் இதே யோசனை கால் நூற்றாண்டு முந்தையது. 1963இல் அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா வீ வகுப்பு, ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1,192 சிசி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முன்பக்க சஸ்பென்ஷனையும் எடுத்துக்கொண்டது. சக்தி ஏறக்குறைய நாற்பது குதிரைத்திறன். எமர்சன் ஃபிட்டிபால்டி, நிக்கி லாவ்டா, கேகே ரோஸ்பெர்க் என்ற மூன்று உலகச் சாம்பியன்கள் அதில் ஓட்டியவர்கள். அறுபது ஆண்டுகள் தாண்டியும் பல நாடுகளில் வீ கார்கள் ஓடுகின்றன. சாம்பியன்களைப் பெற்றெடுத்ததால் அது பிழைத்தது என்று நம்புவது ஏணிப் பார்வை. எந்தக் காயலான் கடையிலும் பீட்டில் எஞ்சின் கிடைத்ததால் பிழைத்தது என்பது என் வாசிப்பு.

1995 ஆகஸ்டில் கரிவர்தன் விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. ஒரு மனிதரின் ஆர்வத்தில் ஓடிய வகுப்பு அவரோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கார்கள் ஓட்டுநர்களிடமும் அணிகளிடமும் இருந்தன. எஞ்சின் சாலையில் இருந்தது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பே கட்டிய 3.7 கி.மீ. தடம் 1990லிருந்து இயங்கியது. 2003வாக்கில் கோவை செட்டிபாளையத்தில் முன்னாள் பந்தய வீரர் பி. விஜயகுமார் கட்டிய 2.1 கி.மீ. தடத்துக்குக் கரிவர்தனின் பெயரையே வைத்தார்கள். இங்கிருந்து கோத்தகிரி மலைப்பாதையில் இறங்கினால் மூன்று மணி நேரத்துக்குள் அந்தத் தடத்தின் வாசலில் நிற்கலாம்.

4. செத்ததும் சாகாததும்

மாற்றுவிளக்கம் ஒன்றை இங்கே எடைபோட வேண்டும். வகுப்புகள் பழசாகிவிடுவதால் சாகின்றன, ஆகவே அவ்வப்போது நவீனப்படுத்த வேண்டும் என்பது அது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபார்முலா ஃபோர்டின் வரலாறு இதற்கு நேர் எதிரான சாட்சி சொல்கிறது.

ஃபோர்டின் ‘கென்ட்’ எஞ்சினோடு தொடங்கிய அந்த வகுப்பு 1993இல் செட்டெக் எஞ்சினுக்கும், 2006இல் டியூராடெக் எஞ்சினுக்கும், 2012இல் டர்போ பொருத்திய ஈகோபூஸ்ட் எஞ்சினுக்கும் மாறியது. 2013இல் இறக்கைகளும் வந்தன. ஒவ்வொரு மாற்றமும் இளைஞர்களை ஈர்க்கும், தொழில்முறைப் பாதையோடு இணைக்கும் என்ற நியாயத்தோடுதான் வந்தது. 2015இல் பிரிட்டனின் தேசியத் தொடர் அந்தப் பெயரையே விட்டுவிட்டு ஃபார்முலா 4 விதிகளுக்குப் போய்விட்டது. அதாவது நவீனப்படுத்தப்பட்ட கிளை செத்தது.

விட்டுவிடப்பட்ட பழைய கென்ட் கார்களோ கிளப் பந்தயங்களில் தொடர்ந்து ஓடின. பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் நடக்கும் ஃபார்முலா ஃபோர்டு திருவிழாவுக்கும், சில்வர்ஸ்டோனில் 2001இல் தொடங்கிய வால்டர் ஹேய்ஸ் கோப்பைக்கும் இன்றும் அந்த எஞ்சின் காரோடுதான் வருகிறார்கள். பதினேழு வயதுப் பையனும், அவன் அப்பாவைவிட மூத்தவரும் ஒரே கிரிட்டில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் அமெச்சூர் ஓட்டுநர்களின் தேவை காரணமாக ஃபோர்டு நிறுவனமே கென்ட் எஞ்சின் பிளாக்கை மறுபடி வார்த்துத் தந்தது. அங்குள்ள கிளப் 2010இல் ஹோண்டாவின் எஞ்சினையும் மாற்றாக அனுமதித்தது. பழைய எஞ்சின் காருக்கு இணையாக ஓடும்படி அதன் சக்தியைக் கட்டுப்படுத்தித்தான் அனுமதித்தார்கள். என் பார்வையில் இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். புது எஞ்சின் வந்தபோது பழைய காரை வைத்திருப்பவர் ஒரே இரவில் தோற்றவராகவில்லை.

எட்டாம் இடத்தவர் என்ற அளவுகோலால் பார்த்தால் இரண்டு கிளைகளின் கதையும் விளங்கிவிடுகிறது. எஞ்சின் மாறும்போது முதலிடத்தவர் புதியதை வாங்குவார். அவருக்குப் பின்னால் அப்பாவோ ஸ்பான்ஸரோ இருப்பார். எட்டாமவரின் கொட்டகையில் இருப்பது அவருடைய சேமிப்பு முழுவதும். அதன் மதிப்பைப் பாதியாக்கும் சுற்றறிக்கை வந்தால் அவர் சண்டை போட மாட்டார். அடுத்த பந்தயத்துக்கு வர மாட்டார், அவ்வளவுதான்.

5. கார் யாருடையது?

2000களில் ஃபார்முலா மாருதியின் இடத்துக்கு வந்தது ஃபார்முலா எல்ஜிபி. ரோலான் சங்கிலிகளால் பெயர் பெற்ற கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறது. கார்களும் கோவையில் கட்டப்பட்டவை. எஞ்சின் இம்முறையும் மாருதியுடையது: எஸ்டீமிலும் முதல் தலைமுறை ஸ்விஃப்டிலும் இருந்த 1,298 சிசி எஞ்சின். மலையில் இருப்பவர்களுக்கு அதை இன்னொரு முகவரியிலும் தெரியும். ஜிப்சியில் இருந்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். ஜேகே டயர் நடத்தும் தேசியப் போட்டியில் இந்த வகுப்புக்கு எல்ஜிபி ஃபார்முலா 4 என்று பெயர். எம்ஆர்எஃப் ஆதரவில் சென்னைக் கிளப் நடத்தும் தேசியப் போட்டியில் ஃபார்முலா எல்ஜிபி 1300. சர்வதேச விதிப்படியான ஃபார்முலா 4க்கும் இதற்கும் பெயரைத் தவிரச் சம்பந்தம் இல்லை. புதிதாகப் பார்க்க வருபவர்களை இந்தப் பெயர்க் குழப்பம் இன்றும் தடுமாற வைக்கிறது.

எம்ஆர்எஃப், ஜேகே என்ற இரண்டு டயர் நிறுவனங்கள் இல்லாவிட்டால் இந்தியாவில் தொடர்ச்சியான கார் பந்தயம் இருந்திருக்காது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு விதிகளை வகுக்கலாம். தடத்துக்கு வாடகை, மருத்துவ ஊர்தி, கொடி காட்டும் மார்ஷல்கள் என்று பந்தய நாளின் பில்லைக் கட்ட ஒருவர் வேண்டும். கட்டியது இவர்கள்தான்.

ஆனால் புரவலரை நம்பிய வகுப்பில் ஒரு மாற்றம் மெல்ல நடந்துவிடுகிறது. கார்கள் அணிகளின் கைக்குப் போகின்றன. ஓட்டுநர் ஒரு பருவத்துக்குப் பணம் கட்டி இருக்கையை வாடகைக்கு எடுக்கிறார். ஹெல்மெட்டோடு வருகிறார், ஓட்டுகிறார், போகிறார். ‘வந்து ஓட்டிவிட்டுப் போ’ என்ற இந்த முறைக்குச் சாதகங்கள் உண்டு. வீட்டில் இடமும் கருவியும் இல்லாத சென்னைவாசிக்கு வேறு வழி இல்லை. கார்கள் ஒரே தரத்தில் பராமரிக்கப்படுகின்றன. முதல் முறை முயன்று பார்ப்பவருக்குப் பெரிய முதலீடும் தேவையில்லை. இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு சந்தேகம் எஞ்சுகிறது. வாடகைக்கு ஓட்டுபவர் ஒரு வருடம் வராமல் போக எதையும் விற்க வேண்டியதில்லை. சொந்தக் கார் வைத்திருப்பவரைக் கொட்டகையில் நிற்கும் அந்தக் காரே திரும்ப இழுத்து வருகிறது. மனைவி திட்டினாலும் ஆயில் மாற்றுகிறார். மகனுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தருகிறார். வகுப்பின் சமூகம் அங்கேதான் உருவாகிறது.

பிரிட்டனில் 1939இல் ஆஸ்டின் செவன் கார் ஆர்வலர்கள் தொடங்கிய 750 மோட்டார் கிளப் இதற்கு நல்ல ஒப்பீடு. பெரிய புரவலர் இல்லை. உறுப்பினர் சந்தாவும் நுழைவுக் கட்டணமும்தான். தாங்களே கட்டிய காரில் ஓட்டுவது அங்கே பெருமை. எண்பது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் கிளப் பந்தயம் நடத்துகிறது, ஃபார்முலா வீயும் அதில் அடக்கம்.

கட்டபெட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊரிலும் இன்கோ தொழிற்சாலை ஒன்று உண்டு. பசுந்தேயிலைக்கு விலை இறங்கினால் சிறு விவசாயிகள் அதைத் திட்டாத நாளில்லை. தனியார் தொழிற்சாலை அன்றைக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தால் இலை அங்கே போய்விடும். ஆனால் தனியார் முதலாளிக்கு மனம் மாறினால் கேட் பூட்டப்படும். கூட்டுறவை அப்படிப் பூட்டிவிட முடியாது, அங்கத்தினர் விட மாட்டார்கள். அதே கூட்டுறவில் புது இயந்திரம் வாங்க ஒரு முடிவெடுப்பதற்குள் எத்தனை பருவம் போகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். உறுப்பினர் கிளப்புகளுக்கும் இந்த நோய் உண்டு. 750 கிளப்பைச் சொர்க்கமாக நான் காட்ட விரும்பவில்லை. புரவலரின் பணமும் உறுப்பினரின் உடைமையும் சேர்ந்திருக்கும் வடிவம்தான் நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தொடர் நடத்துவது நிறுவனமாக இருக்கட்டும். கார்களில் ஒரு பகுதியாவது ஓட்டுநரின் சொந்தமாக இருக்கட்டும். எஞ்சின், சேஸி விதிகளை மாற்றும்போது அந்த உடைமையாளர்களுக்கு வாக்கு இருக்கட்டும்.

எஞ்சினுக்கு சீல் வைப்பது பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. தில்லுமுல்லைத் தடுக்க எஞ்சினைப் பூட்டி முத்திரையிட்டு, ஒரே இடத்தில் மட்டும் திறக்க அனுமதிப்பது உலகெங்கும் வழக்கமாகிவருகிறது. முதலிடத்துக்கான சண்டையில் அது நியாயத்தைக் காக்கும். எட்டாமவரோ சனிக்கிழமை மாலை கேஸ்கெட் போனால் ஞாயிறு காலைக்குள் அதைத் திறக்க முடியாமல் காரை லாரியில் ஏற்றுவார். ஸ்க்ரூட்டினியில் முதல் மூன்று பேரின் எஞ்சினை மட்டும் பிரித்துப் பார்ப்பது பழைய முறை. கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஆனால் மலிவானது.

6. மெதுவான காரின் கவர்ச்சி

முப்பத்தேழு குதிரைத்திறன் காரில் என்ன கவர்ச்சி இருக்க முடியும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மலையில் ஆம்னி ஓட்டியதில்லை.

கட்டபெட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கார்புரேட்டர் எஞ்சினின் சக்தியும் ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கிவிடும். சமவெளியில் வாங்கி வந்த வண்டிக்கு இங்கே மெக்கானிக் முதலில் செய்வது ஜெட்டை மாற்றுவதுதான். இல்லையென்றால் பெட்ரோல் அதிகமாகி புகை கக்கும். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் வரும் ஆம்னி ஓட்டுநரைக் கவனியுங்கள். கொண்டைஊசி வளைவுக்குப் பத்தடி முன்பே அவர் கால் ஆக்ஸிலரேட்டரில் ஒரு முடிவுக்கு வந்துவிடும். இரண்டாவது கியர் போட்டாகிவிட்டது. இனி பிரேக்கைத் தொட்டால் வேகம் போய்விடும், போன வேகத்தைத் திரும்பப் பெற எஞ்சினில் சத்து இல்லை. ஆகவே ஸ்டியரிங்கை ஒரே இழுப்பில் திருப்பி, வண்டி சாய்வதைத் தோளில் உணர்ந்து, வளைவு முடியும் இடத்தில் கையைத் தளர்த்துகிறார். வெளியே வரும்போதும் வேகம் அப்படியே இருக்கிறது. அதிகச் சக்தியுள்ள புது வண்டிக்காரர் வளைவுக்குள் அமுக்கி நிறுத்தி, பிறகு சீறிக்கொண்டு வெளியேறுவார். அவருக்குத் தான் என்ன தவறு செய்தோம் என்றே தெரியாது, எஞ்சின் மன்னித்துவிடுகிறது.

பந்தயத் தடத்திலும் இதே கணக்குதான். சக்தி குறைந்த ஒற்றை இருக்கைக் காரில் ஒரு வளைவில் செய்த பிழைக்கு அடுத்த நேர்ச்சாலை முழுவதும் தண்டம் கட்ட வேண்டும். முன்னால் போகும் காரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு, அடுத்த வளைவில் மூக்கை நுழைத்து, அதற்கடுத்த வளைவில் இடத்தைத் திரும்ப இழந்து என்று நாலைந்து கார்கள் ஒரே கூட்டமாகச் சுற்றிவரும். அந்தக் கூட்டம் எட்டாம் இடத்திலும் இருக்கும் என்பதுதான் விஷயம். இறக்கைகள் பொருத்திய வேகமான கார்களில் பின்னால் வருபவர் முன்னவரின் கலங்கிய காற்றில் பிடிமானம் இழந்து தள்ளித் தள்ளி ஓடுவார். எட்டாமிடத்தவர் தன் பந்தயத்தைத் தனியாகவே ஓட்டி முடிப்பார். சண்டையே இல்லாத ஒன்றுக்காக யார் சேமிப்பைச் செலவழிப்பார்கள்?

டயரும் இதோடு சேர்ந்தது. ஃபார்முலா ஃபோர்டு தொடக்கத்தில் சாலை டயரில்தான் ஓடியது. பிடிமானம் குறைவு, ஆயுள் அதிகம், கார் சறுக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பருவம் முழுக்கத் தாங்கும் ஒரு செட் டயர், அமெச்சூருக்கு எந்தப் பரிசுத் தொகையையும்விடப் பெரிய மானியம். டயர் நிறுவனங்களே புரவலர்களாக இருக்கும் நாட்டில் இதைச் செய்வது எளிதாகத்தான் இருக்க வேண்டும்.

மலிவு என்ற சொல்லுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் பாதுகாப்புதான், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சக்கரங்கள் வெளியே இருக்கும் கார்கள் ஒன்றோடொன்று உரசினால் ஒன்று மற்றதன் மேல் ஏறிவிடும். கழுத்தைத் தாங்கும் கருவி, ஆறு முனைப் பெல்ட், கார் தலைகீழாக உருண்டால் தாங்கும் வளைகுழாய், தீயணைப்பு ஆகியவற்றில் கஞ்சத்தனம் காட்டும் வகுப்பு மலிவானது என்று சொல்லத் தகுதியற்றது. குறைந்த சக்தி இங்கேயும் துணை நிற்கிறது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது பள்ளிப் பாடம். மெதுவான கார் தப்பிப்பதற்கான முதல் கருவி.

வார இறுதிகளில் கோத்தகிரி மலைப்பாதையில் பைக்கில் பறக்கும் பையன்களைக் காட்டி, ‘இவர்களைத் தடத்துக்கு அழைத்துப் போனால் போதும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மலைப்பாதையில் பறப்பவனுக்கு வேண்டியது பார்வையாளர். தடத்துக்கு வருபவனுக்கு வேண்டியது கடிகாரம். இரண்டும் வேறு வேறு பசி. ஆனாலும் இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயங்களில் கார்களைவிட எளிய பின்னணி கொண்ட இளைஞர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே ஓடும் வண்டியின் உறவுக்கார வண்டி அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஆம்னி எஞ்சினின் தத்துவம்தான் அதுவும்.

7. அடுத்த எஞ்சின்

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. ஸ்விஃப்ட் 2010இலேயே பழைய 1.3 லிட்டர் எஞ்சினை விட்டு 1.2 லிட்டர் எஞ்சினுக்குப் போய்விட்டது. 2019இல் ஜிப்சியும் பொதுமக்களுக்கான விற்பனையிலிருந்து விடைபெற்றது. இன்றைய எல்ஜிபி கார்களின் எஞ்சின் இனிப் பழைய வண்டிகளிலிருந்தும் கையிருப்பிலிருந்தும்தான் வர வேண்டும். எஞ்சின் தெருவில் இருக்கும்வரைதான் வகுப்பு இருக்கும் என்ற வாதம் சரியானால் இந்தியாவின் ஒரே மலிவான ஒற்றை இருக்கை வகுப்புக்கு ஒரு கெடு விழுந்திருக்கிறது. பதற்றப்பட வேண்டியதில்லை, கென்ட் எஞ்சின் தெருவை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அங்கே ஃபோர்டு பிளாக்கை மறுபடி வார்த்தது. கோவையின் வார்ப்பட ஆலைகளுக்கு அது முடியாத வேலையா?

இன்றைய தெருவில் இருப்பது கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின். ஆக்ஸிலரேட்டரில் கம்பி இல்லை, சாவியோடு எஞ்சின் பேசினால்தான் கிளம்பும். பந்தயக் காரில் பொருத்த அந்தக் கணினியை ஏமாற்ற வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த கைகள் ஏற்கெனவே செட்டிபாளையத்துக்கு வந்துபோகின்றன. அங்குள்ள கரிவர்தன் தடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடெங்குமிருந்து பொறியியல் கல்லூரி அணிகள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு வருகின்றன. பல அணிகள் 373 சிசி கேடிஎம் பைக் எஞ்சினைப் பயன்படுத்துகின்றன. மின்சாரக் கார்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. வடிவமைப்பு, செலவுக் கணக்கு, முடுக்கம், வளைவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் கார்கள் அருகருகே ஓடுவதில்லை, ஒவ்வொன்றாகக் கடிகாரத்தோடுதான் போட்டி. போட்டி முடிந்ததும் காரைக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அடுத்த ஆண்டு புது மாணவர்கள், புதுக் கார். பழைய கார் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் போகிறது, அதைக் கட்டியவர்கள் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகிறார்கள்.

வெல்டிங் தெரிந்த, விதிப்புத்தகம் படிக்கத் தெரிந்த, இரவெல்லாம் விழித்து வேலை செய்த இருபத்திரண்டு வயதுக்காரர்கள் அவர்கள். எட்டாம் இடத்துக்குப் போதுமான வேகமும் அவர்களில் பலருக்கு இருக்கும். ஃபார்முலா பாரத் கார்கள் சக்கரத்தோடு சக்கரம் மோதும் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல என்பது உண்மைதான். ஒரே பைக் எஞ்சின், கூட்டமைப்பு வரைந்து தரும் ஒரே எஃகுச் சட்டகம், ஐந்து ஆண்டுக்கு மாறாத விதி என்று அறிவித்து, அந்தச் சட்டகத்தைக் கட்டிக்கொண்டு வந்து ஓட்டுங்கள் என்று சொன்னால் வரக்கூடியவர்கள் அவர்கள்தான். கரிவர்தன் செய்ததும் ஏறத்தாழ அதுவே. அவருக்குச் சொந்தப் பணமும் சொந்தப் பட்டறையும் இருந்தன.

எங்கள் ஆம்னியை எடுத்த அன்று பட்டறை வாசலில் ஒரு ஜிப்சி, பானெட் இல்லாமல், எஞ்சின் இல்லாமல் நின்றது. எஞ்சின் எங்கே என்று கேட்டேன். கோவையிலிருந்து யாரோ வந்து நல்ல விலை கொடுத்து வாங்கிப் போனார்கள், கியர்பாக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார் மெக்கானிக். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.